செஞ்சிக் கோட்டையும் ஊசுட்டேரியும் ஒரே நாளில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் குடியிருக்கும் எனக்கு, செஞ்சிக்குப் போய்க் கோட்டை ஏறி, திரும்பும் வழியில் ஊசுட்டேரிக் கரையில் மாலையைக் கழித்து வீடு சேரும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. முதலில் உறவினர்கள், பிறகு தெருக்காரர்கள், இப்போது அவர்களுடைய அலுவலக நண்பர்கள் என்று பலரும் தொலைபேசியில் ஒரே ஐயங்களைக் கேட்கிறார்கள். ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, எனக்குத் தெரிந்த விடைகளை எழுதியிருக்கிறேன்.

செஞ்சியையும் ஊசுட்டேரியையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா, அலைச்சலாகிவிடாதா?

முடியும். புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர், அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர். கோட்டை ஊருக்கு மேற்கே, திருவண்ணாமலை சாலையில் இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சொந்த வண்டியில் ஒன்றரை மணி நேரம் போதும். ஊசுட்டேரியோ புதுச்சேரி நகரத்திலிருந்து 10 கிலோமீட்டர்தான் என்பதால், அதற்கென்று தனிப் பயணம் எதுவும் தேவையில்லை; வீடு திரும்பும் வழியை அதன் கரைப்பக்கமாக மாற்றிக்கொண்டால் போதும்.

அலைச்சல் உண்டாவது தூரத்தால் அன்று, பேராசையால். செஞ்சியில் மூன்று மலைகளையும் பார்த்து, வழியில் நான்கு கோயில்களையும் முடித்து, ஏரிக்கும் வர வேண்டும் என்று பட்டியல் போடுபவர்கள் எதையும் பார்க்காமலேயே திரும்புகிறார்கள். ஒரு மலை, ஓர் ஏரி, இடையில் விருப்பமிருந்தால் ஒரே ஒரு நிறுத்தம் என்பதே என் கணக்கு.

செஞ்சி மலை ஊர் என்கிறார்களே, ஊட்டி மாதிரி குளிராக இருக்குமா? ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள வேண்டாம். செஞ்சியின் உயர்ந்த குன்றான ராஜகிரியே சுமார் 240 மீட்டர்தான். ஊர் சமவெளியில், அந்தக் குன்றுகளின் காலடியில் இருக்கிறது. குன்றுகள் என்றாலும் மண்ணும் மரமும் மூடிய குன்றுகள் அல்ல. யானை அளவிலிருந்து வீடு அளவு வரையிலான உருண்டைப் பாறைகளை யாரோ கொட்டிக் குவித்துவிட்டுப் போனதைப் போன்ற கருங்கல் குவியல்கள். காலையில் வாங்கிய வெயிலைப் பகல் முழுவதும் திருப்பித் தருவதில் அந்தப் பாறைகளுக்கு நிகர் கிடையாது. கொண்டுபோக வேண்டியவை தொப்பி, பருத்தி உடை, நல்ல பிடிப்புள்ள காலணி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.

ஏரிதானே பக்கத்தில் இருக்கிறது, காலையில் அதை முடித்துவிட்டுப் பிறகு செஞ்சிக்குப் போனால் என்ன?

பறவை பார்ப்பதற்கு விடியற்காலை நல்ல நேரம் என்பது உண்மை. ஆனால் ஏரியில் எட்டு மணிவரை நின்றுவிட்டால் கோட்டை வாசலுக்குப் பத்தரை மணிக்குத்தான் போய்ச் சேருவீர்கள். உச்சி வெயிலில் நடுப்படியில் நிற்பீர்கள். என் தம்பி குடும்பத்தை ஒருமுறை அப்படித்தான் அழைத்துப் போனேன். ராஜகிரியில் பாதி ஏறியபோது கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட, உச்சியை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் இறங்கி வந்தோம். அந்த நாளைப் பற்றிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

கோட்டை காலை 9 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடப்படுகிறது. ராஜகிரி உச்சிக்குப் பிற்பகல் 3 மணிக்கு மேல் ஏற விடுவதில்லை. எனவே ஏழு மணிக்குப் புறப்பட்டு, திண்டிவனத்தில் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு வாசலில் இருப்பதே சரி. பன்னிரண்டரைக்குள் இறங்கிவிடலாம். ஏரிக்கு மாலை நான்கரை மணிக்கு வந்தால் கூட்டுக்குத் திரும்பும் பறவைகளைப் பார்க்கலாம். அப்போது உடம்பும் உட்காரத்தான் இடம் கேட்கும்.

சொந்த வண்டி இல்லை. பேருந்தில் போய்வர முடியுமா?

புதுச்சேரி புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்துகள் பல செஞ்சி வழியாகவே செல்கின்றன. ஆனால் விழுப்புரம், திருக்கோவிலூர் வழியாகப் போகும் பேருந்துகளும் உண்டு என்பதால், ஏறும் முன் நடத்துநரிடம் வழியைக் கேட்டுக்கொள்வது நல்லது. அது கிடைக்காவிட்டால் திண்டிவனம் போய் மாறிக்கொள்ளலாம். திண்டிவனம் – செஞ்சி பேருந்துக்கு அதிக நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. செஞ்சிப் பேருந்து நிலையத்திலிருந்து கோட்டைக்கு ஆட்டோவில் போகலாம். செஞ்சியில் ரயில் நிலையம் கிடையாது. அருகிலுள்ள நிலையம் திண்டிவனம்.

பேருந்துப் பயணத்தில் சிக்கல் ஏரியில்தான் வரும். செஞ்சியிலிருந்து வரும் பேருந்து ஏரிக்கரை வழியாக வராது. எனவே நகரத்துக்கு வந்து, வில்லியனூர் அல்லது பத்துக்கண்ணு பக்கம் போகும் பேருந்தையோ ஆட்டோவையோ பிடிக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி, கோட்டையிலிருந்து ஒரு மணிக்கே கிளம்பிவிடுங்கள்.

நாங்கள் கடலூரிலிருந்து வருகிறோம். புதுச்சேரிக்குள் புகுந்துதான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. காலையில் பண்ருட்டி, விழுப்புரம் வழியாகச் செஞ்சிக்குப் போய்விட்டு, மாலையில் ஊசுட்டேரி, வில்லியனூர் வழியாகக் கடலூர் திரும்பினால் பயணம் ஒரு வட்டமாக அமையும். போன சாலையிலேயே திரும்பும் சலிப்பும் இருக்காது. இந்த வழியில் உங்களுக்கு ஒரு நற்பேறும் உண்டு. விழுப்புரம் – செஞ்சி சாலையிலிருந்து சற்றே விலகினால் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை இவை இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மப் பல்லவன் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்ட குடைவரை அங்கேதான் இருக்கிறது. சிறிய இடம், அரை மணி நேரம் போதும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி இரண்டில் எதில் ஏறுவது? இரண்டிலும் ஏறக் கூடாதா?

கோட்டை என்பது ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் அவற்றை முக்கோணமாக இணைக்கும் மதிலையும் சேர்த்தது. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். திருவண்ணாமலை சாலை அந்த மதிலை ஊடுருவிக்கொண்டே போகிறது. ராஜகிரி ஒருபுறம், கிருஷ்ணகிரி மறுபுறம். சந்திரகிரியில் புதர் மண்டிக் கிடப்பதால் யாரும் ஏறுவதில்லை. முதன்முறை போகிறவர்கள் ராஜகிரியில் ஏறுங்கள். ஏற ஒன்றேகால் மணி நேரம், இறங்க முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குக் கிருஷ்ணகிரி எளிது. படிகள் குறைவு, உச்சியில் குவிமாடத்தோடு ஒரு மண்டபமும், பாறையில் கட்டிய எண்ணெய்த் தொட்டியும் கோயில்களும் இருக்கின்றன.

ராஜகிரியை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் உச்சியில் தெரியும் காட்சி மட்டுமன்று. படியேறிக்கொண்டே வரும்போது, கமலக்கண்ணி அம்மன் கோயிலைத் தாண்டி, உச்சியை நெருங்கும் இடத்தில் மலை திடீரென்று பிளந்து நிற்கும். இப்பால் நீங்கள், அப்பால் கோட்டை, நடுவில் பள்ளம். இன்று அதன்மேல் ஒரு சிறு பாலம் கிடக்கிறது. அன்று போர்க்காலத்தில் எடுத்துவிடக் கூடிய மரப்பாலம் இருந்தது. பாலத்தின் நடுவில் நின்று கீழே பாருங்கள். ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடிகிற அந்த வழியை, விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்கள் தடுத்து நிறுத்தியிருக்க முடியும் என்பது யாரும் விளக்காமலேயே புரிந்துவிடும். அதற்கு மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, கருவூலம், ஒரு பழைய பீரங்கி.

ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு குன்றுகளுக்கும் போகலாம் என்பதற்காக இரண்டிலும் ஏற நினைப்பவர்கள் ஏரியை மறந்துவிட வேண்டியதுதான். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம்.

மாமியாருக்கு மூட்டுவலி. அவர்கள் ஏறாமல் கீழேயே இருந்தால் பொழுது போகுமா?

நன்றாகப் போகும். ராஜகிரியின் அடிவாரத்திலேயே கல்யாண மகால் இருக்கிறது. சதுர முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக, நடுவில் அடுக்கடுக்காகக் குறுகி மேலே கூம்பாக முடியும் கோபுரம் அது. செஞ்சி என்றதும் படங்களில் வருவது பெரும்பாலும் அந்தக் கோபுரமே. அருகிலேயே நெற்களஞ்சியம், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம் எல்லாம் சமதரையில் நடந்து பார்க்கக்கூடியவை. நெற்களஞ்சியத்தின் சுவர்கள் அவ்வளவு தடிமனானவை என்பதால் உச்சி வேளையிலும் உள்ளே குளிர்ச்சி இருக்கும்.

சற்றுத் தள்ளி, வெளிக்கோட்டையில் வெங்கடரமணர் கோயிலும், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் பெயரிலான மசூதியும் இருக்கின்றன. பெரியவர்கள் ஏறாமல் இருப்பதற்கு வருத்தப்பட வேண்டியதில்லை. மேலே போனவர்கள் பெரும்பாலும் கற்களைப் பார்க்கிறார்கள், கீழே இருப்பவர்கள்தான் கட்டடங்களைப் பார்க்கிறார்கள். ஒரு சிறு பாய் மட்டும் எடுத்துப் போங்கள்.

இந்தக் கோட்டையைக் கட்டியது தேசிங்கு ராஜாதானே?

இல்லை. ஆனால் இப்படி நினைக்காதவர்களே குறைவு. கோட்டையின் தொடக்கத்தை 1200ஆம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த ஆனந்தக் கோன் என்ற இடையர் குலத் தலைவனோடு மரபு இணைக்கிறது. கோன்களுக்குப் பிறகு விஜயநகரப் பேரரசின்கீழ் செஞ்சி நாயக்கர்கள் வந்தார்கள். இன்று நாம் காணும் மதில்கள், களஞ்சியங்கள், கோயில்கள் பலவும் அவர்கள் காலத்தவை. 1649இல் பிஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது, 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர்.

தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ் சிங், மொகலாயர் காலத்தில் கோட்டைத் தலைவராக இருந்த பந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்கின் மகன். தந்தை 1714இல் இறந்தபின் கோட்டைக்கு உரிமை கொண்டாடினார். கப்பப் பாக்கி கேட்ட நவாபு சாதத்துல்லா கானோடு அதே ஆண்டு அக்டோபரில் போரிட்டு மடிந்தார். ஆட்சி ஓராண்டுகூட இல்லை; வயது 22 என்பார்கள். ஐந்நூறு ஆண்டுக் கோட்டை வரலாற்றில் சில மாதங்களே இருந்த அந்த இளைஞரைத்தான் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. காரணம் கதைப்பாடல். நீலவேணி என்ற குதிரையும், திருமணக் கோலத்தில் இருந்தபோதே நண்பனுக்காகப் போருக்கு வந்த மகமத்கானும் அந்தப் பாடல் வழியாகவே தெருக்கூத்து மேடைவரை வந்து சேர்ந்தார்கள். அந்த மகமத்கானின் ஊராகப் பாடல் சொல்லும் வழுதாவூர், ஊசுட்டேரிக்குப் பக்கத்தில், நம் புதுச்சேரி எல்லையை ஒட்டி இருக்கிறது. எங்கள் பாட்டி அந்த இடத்தைப் பாடும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார்.

அப்படியானால் 'மராட்டியக் கோட்டை' என்று உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது எப்படிச் சரியாகும்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ 'மராட்டிய இராணுவ நிலவமைப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளை ஒன்றாகச் சேர்த்து அறிவித்தது. அவற்றில் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை. செஞ்சி ஒன்று மட்டுமே தமிழ்நாட்டில் உள்ளது. தலைப்பைக் கேட்டதும் நம்மவர்களுக்குச் சற்று உறுத்தத்தான் செய்கிறது. முந்தைய விடையில் சொன்னபடி, மராட்டியர்கள் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டுகள்தான்.

ஆனால் அந்த 21 ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. சிவாஜியின் இளைய மகன் ராஜாராம், மகாராட்டிரத்தில் மொகலாயர் நெருக்கியபோது தப்பி வந்து, செஞ்சியிலிருந்துதான் மராட்டிய அரசை நடத்தினார். சுல்பிகார் கான் தலைமையில் 1690இல் தொடங்கிய மொகலாய முற்றுகை 1698 வரை இழுத்தது. கோட்டை விழுவதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். பட்டியலின் தலைப்பு படையமைப்பைப் பற்றியது, கட்டியவர் யார் என்பதைப் பற்றியது அன்று என்று எடுத்துக்கொண்டால் பிணக்கு இல்லை. மேலே சொன்ன பிளவுப் பாலத்தில் நின்றவர்களுக்கு, எட்டாண்டு முற்றுகை எப்படிச் சாத்தியமாயிற்று என்று வியப்பு வராது.

இதிலெல்லாம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் என்ன சம்பந்தம்?

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கருங்கல் தூண்களைத் தினமும் பார்க்கிறோம். அவை செஞ்சியிலிருந்து வந்தவை. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவுத் தாக்குதலில் செஞ்சியைப் பிடித்தது; வெங்கடரமணர் கோயிலின் தூண்கள் புதுச்சேரிக்கு வந்தது அந்த ஆட்சியின் விளைவு. 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்த பிறகும் செஞ்சியில் பிரெஞ்சுக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள்; ஏப்ரலில்தான் பணிந்தார்கள். செஞ்சிக்குப் போவதற்கு முதல்நாள் மாலை, பிள்ளைகளை அந்தத் தூண்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் கோயிலுக்குள் நுழைந்ததும் அதே வேலைப்பாட்டை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

கடலூருக்கும் தொடர்பு உண்டு. தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690இல் விலைக்கு வாங்கியது, அப்போது செஞ்சியில் இருந்த ராஜாராமின் மராட்டிய அரசிடமிருந்துதான். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த எல்லைவரை நிலம் என்று ஒப்பந்தம். கடலூரின் குண்டு சாலை என்ற பெயர் அந்த நினைவில் நிற்கிறது.

குரங்குத் தொல்லை அதிகமாமே? சாப்பாடு எடுத்துப் போகலாமா?

குரங்குகள் உண்டு, அவற்றுக்குப் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு நன்றாகத் தெரியும். என் அக்காவின் துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு போன ஒரு குரங்கு, உள்ளே இருந்த முறுக்குப் பொட்டலத்தை விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உணவை மலைமேல் கொண்டுபோகாதீர்கள். தண்ணீரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் முதுகுப் பைக்குள் இருக்கட்டும். கையில் எதுவும் வேண்டாம். குன்றின்மேல் கடைகள் கிடையாது. இறங்கியபின் செஞ்சி ஊருக்குள் வந்து சாப்பிடலாம். சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் குறைவில்லை.

ஊசுட்டேரியில் என்ன இருக்கிறது? வெறும் தண்ணீர்தானே?

வெறும் தண்ணீர்தான். அதனால்தான் போகச் சொல்கிறேன். புதுச்சேரிப் பகுதியின் ஏரிகளில் பெரியது அது; ஏறத்தாழ 800 எக்டேர் பரப்பு. பூங்கா, ராட்டினம், ஒலிபெருக்கி எதையும் எதிர்பார்க்காமல் போனால் ஏமாற்றம் இராது. வலசைக் காலத்தில் நாமக்கோழிகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக மிதக்கும். தூரத்தில் பார்த்தால் யாரோ கறுப்பு மிளகைத் தண்ணீரில் தூவியதைப் போலத் தெரியும். கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, புள்ளி மூக்கு வாத்து, நீலத் தாழைக்கோழி ஆகியவற்றைத் தொலைநோக்கி இல்லாமலேயே அடையாளம் காணலாம்.

கரையோரத்தில் இலைகள் மிதக்கும் இடமாகப் பார்த்துக் கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். இலைக்கோழி வரும். உடலுக்குப் பொருந்தாத நீளமான விரல்களை அகல விரித்து, ஓர் இலையிலிருந்து அடுத்த இலைக்கு அது கால் மாற்றும்போது, முதல் இலை மெல்ல அமிழ்ந்து மீண்டும் எழும். காலையில் கருங்கல் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்களுக்கு அந்த நடையைப் பார்த்துப் பொறாமை வராமல் இருக்காது.

படகு உண்டா? பிள்ளைகள் படகுக்காகத்தான் வருவோம் என்கிறார்கள்.

படகுத்துறை இருக்கிறது. ஆனால் நீர் குறைந்த மாதங்களில் படகை நம்பிப் போக முடியாது. பறவைகள் நிறைந்திருக்கும் காலத்தில் ஓடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. எனவே பிள்ளைகளுக்கு இந்த நாளில் படகு என்று வாக்குக் கொடுக்காதீர்கள். படகுக்கென்றே சுண்ணாம்பாறு இருக்கிறது. அதற்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை.

இந்த ஏரி புதுச்சேரியுடையதா, தமிழ்நாட்டுடையதா?

இரண்டுக்கும் உரியது. பரப்பில் ஏறத்தாழ பாதி, அதாவது சுமார் 390 எக்டேர் புதுச்சேரியிலும், மீதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்திலும் இருக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர் தமிழ்நாடும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. பறவைகளுக்கு எல்லைக்கல் தெரியாது என்றாலும் மனிதர்களுக்குத் தெரிய வேண்டும்: இருபுறமும் சரணாலயம் என்பதால் பட்டாசு, சத்தமான பாட்டு, கரையில் அடுப்பு மூட்டிச் சமைப்பது எதற்கும் இடமில்லை.

மலைக்கோட்டைக்கும் ஏரிக்கும் தொடர்பே இல்லையே, எதற்காக இரண்டையும் சேர்க்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று சொன்னாலும் தவறில்லை. நாம் சங்கராபரணி என்றும், கோயில்காரர்கள் வராக நதி என்றும், பழையவர்கள் செஞ்சியாறு என்றும் அழைப்பது ஒரே ஆற்றைத்தான். அது செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கிறது. வீடூர் அருகே தொண்டியாறு வந்து சேரும் இடத்தில் 32 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அணை கட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே திருவக்கரை, வில்லியனூர், திருக்காஞ்சி என்று கரையோரக் கோயில்களைத் தொட்டுக்கொண்டு வந்து, அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து கடலில் கலக்கிறது. மழைக்காலத்தில் அந்த ஆற்றில் வரும் வெள்ளத்தின் ஒரு பங்கு சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக ஊசுட்டேரிக்குத் திருப்பப்படுகிறது.

ஆகவே காலையில் நீங்கள் ஏறும் பாறைகளில் வடியும் மழைநீர் கடலை நோக்கிப் போகும் அதே திசையில்தான், மாலையில் நீங்களும் ஏரிக்கு வருகிறீர்கள். மலையை முதலிலும் ஏரியைப் பின்னரும் வைக்கச் சொன்னதற்கு வெயில் ஒரு காரணம், இது இன்னொரு காரணம். ராஜகிரி உச்சியில் நின்று கிழக்கே பார்க்கும்போது இதை நினைவில் கொள்ளுங்கள்.

எந்த மாதம் நல்லது? கோடை விடுமுறையில்தான் எங்களுக்கு நேரம்.

டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழையால் ஏரி நிறைந்திருக்கும், வலசைப் பறவைகள் வந்திருக்கும், பாறையும் சுடாது. காணும் பொங்கலன்று மட்டும் கோட்டைப் பக்கம் போக வேண்டாம், கூட்டம் தாங்காது.

ஏப்ரல், மே மாதங்களில் ஏரி சுருங்கி, கரையோரம் வெடித்த சேறாகக் கிடக்கும். மலை ஏறுவதும் உடம்புக்கு நல்லதன்று. கோடையில்தான் முடியும் என்றால் ராஜகிரியை விட்டுவிடுங்கள். மாமியாருக்குச் சொன்ன அடிவாரச் சுற்றை ஒன்பது முதல் பதினொன்றரைவரை முடித்துக்கொண்டு திரும்புங்கள். அடைமழை நாளில் போவதும் கூடாது. ஈரமான கருங்கல் படியில் ஏறுவதைவிட இறங்குவது ஆபத்து.

வழியில் மயிலம், திருவக்கரை இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாமா?

இரண்டில் ஒன்று. திரும்பும்போது திண்டிவனம் போகாமல் மயிலம் வழிச் சாலையில் வந்தால், குன்றின்மேல் முருகன் கோயிலும் பொம்மபுர ஆதீனமும் வழியிலேயே இருக்கின்றன. அங்கிருந்து புதுச்சேரிப் பக்கம் வரும்போது திருவக்கரை. வக்கிரகாளியம்மன் சந்நிதிக்காகப் பௌர்ணமியன்று பெருங்கூட்டம் வரும், அன்றைக்குத் தவிர்த்துவிடலாம்.

என்னைக் கேட்டால் திருவக்கரையைச் சொல்வேன், அதுவும் கல்மரப் பூங்காவுக்காக. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் பட்டையின் வரிகளும் ஆண்டு வளையங்களும் அப்படியே தெரியும், தட்டினால் கல். அவை புதைந்திருக்கும் மணற்பாறை அடுக்குக்கு நிலவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் கடலூர் மணற்பாறை என்பதைக் கடலூர்க்காரர்கள் கவனிக்க.

எல்லாம் சரி, நாங்கள் கிளம்பவே பிற்பகலாகிவிடும். செஞ்சிக்கு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன செய்வது?

அப்படியானால் உச்சி இல்லை. முன்னரே சொன்னபடி மூன்று மணிக்கு மேல் விடமாட்டார்கள். காவலரிடம் கெஞ்சி நேரத்தை வீணாக்காமல், கல்யாண மகாலையும் வெங்கடரமணர் கோயிலையும் பார்த்துவிட்டு, வண்டி இருந்தால் ஐந்து மணிக்குள் சிங்கவரத்துக்குப் போங்கள். செஞ்சிக்கு வடக்கே சில கிலோமீட்டரில், குன்றைக் குடைந்து பல்லவர்கள் அமைத்த கோயிலில் ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அதே வழியில் திருநாதர்குன்று என்ற தனிப்பாறை உண்டு. அதில் 24 தீர்த்தங்கரர்களை இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியின் கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழ் எழுத்தில் 'ஐ' என்ற உயிரெழுத்து தொடக்க கால வடிவில் காணப்படுவது அந்தக் கல்வெட்டில்தான். சாய்ந்த வெயிலில் எழுத்தின் பள்ளங்கள் நன்றாகத் தெரியும் என்பதால், தாமதமாகப் போனதில் ஒரு இலாபமும் உண்டு.

அன்றைக்கு ஏரி கிடையாது. இருட்டில் அங்கே போய்ப் பயனில்லை. அது பத்துக் கிலோமீட்டரில்தான் இருக்கிறது, அடுத்த வாரம் ஒரு மாலை ஸ்கூட்டரிலேயே போய்வரலாம்.